வீட்டுப் பறவைக்கு நகம் வெட்டப் போகிறவர்களுக்கு

எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகள் சிலவற்றில் ஜன்னலோரம் ஒரு லவ் பேர்ட்ஸ் கூண்டும் தொங்கும். புதிதாகப் பறவை வாங்கிய பிள்ளைகள் நகவெட்டியோடு என்னிடம் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதலில் கூண்டில் இருப்பது என்ன பறவை என்று பாருங்கள். பச்சைக்கிளி என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் கிளி ஜோதிடர் ஒருவரை வனத்துறையினர் பிடித்து, கிளிகளை வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். காமாட்சியம்மனின் கரும்பு வில்லோடு கிளி இருக்கிறதே என்று பாட்டிமார் கேட்பார்கள். அம்மன் கிளியைக் கூண்டில் அடைக்கவில்லை அம்மா என்று பணிவாகச் சொல்லி, வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல், ஃபிஞ்ச் போன்ற, வெளிநாட்டு இனத்துக் கூண்டுப் பறவைகளுக்கு.

2. நீளமாகத் தெரிகிற நகமெல்லாம் வெட்ட வேண்டிய நகம் இல்லை. பறவையைச் சமதளமான பலகையில் நிற்க விடுங்கள். நகம் தரையை முட்டி விரலைத் தூக்கினாலோ, பக்கவாட்டில் திருப்பினாலோ வெட்டலாம். கம்பியிலும் துணியிலும் அடிக்கடி மாட்டிக்கொண்டாலும் வெட்டலாம். உங்கள் கையில் ஏறும்போது குத்துகிறது என்பது மட்டும் காரணமானால் முனையை அரத்தில் லேசாகத் தேய்த்தால் போதும். பறக்கப் பழகும் குஞ்சுக்கு அந்தக் கூர்மைதான் பிடிமானம். அதைத் தொடாதீர்கள்.

3. நகம் ஏன் வளர்ந்தது? பெரும்பாலும் கூண்டோடு கடைக்காரர் கொடுத்த வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியால்தான். ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் பறந்து திரியும் கிளிகளுக்கு யாரும் நகம் வெட்டுவதில்லை. கல்லிலும் மரப்பட்டையிலும் தொற்றி ஏறி அவை தாமே தேய்த்துக்கொள்கின்றன. உங்கள் பறவைக்கும் பட்டை உரிக்காத கொய்யாக் கிளை, வேப்பங்கிளை இரண்டு மூன்றைக் கட்டுங்கள். மருந்து அடிக்காத மரமாக இருக்கட்டும். கழுவி நல்ல வெயிலில் காயவைத்த பிறகே கூண்டுக்குள் வையுங்கள். ஒன்று விரல் பருமன், ஒன்று அதைவிடத் தடிமன் என்று மாறி மாறி இருந்தால் பாதத்துக்கும் நல்லது. குச்சியில் மாட்டும் உப்புத்தாள் உறை வேண்டவே வேண்டாம். அது நகத்தைவிட உள்ளங்காலைத்தான் புண்ணாக்கும். கடல் நுரை எனும் கணவாய் ஓடு அலகுக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் உதவும், நகத்துக்கு உதவாது.

4. தறி வீட்டுப் பிள்ளைகள் இதை இரண்டு தடவை படியுங்கள். நம் வீட்டில் பறவைக்கு நகத்தைவிடப் பெரிய ஆபத்து இழை. பாவு பிணைக்கும்போதும் புட்டா போடும்போதும் வெட்டி விழும் பட்டுத் துணுக்கு காற்றில் நகர்ந்து கூண்டுக்குள் போகும். நீண்ட நகத்தில் முதலில் மாட்டும், பறவை உதற உதற விரலைச் சுற்றி இறுகும். பட்டு எத்தனை மெல்லியது, எத்தனை வலுவானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும், கறுக்கும், கடைசியில் உதிர்ந்தே போகும். பறவை ஒற்றைக் காலில் நின்றாலோ ஒரே விரலைக் கொத்திக்கொண்டிருந்தாலோ உடனே பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இழை தளர்வாக இருந்தால் நுனி மெல்லிய கத்தரியால் நறுக்கி எடுக்கலாம். வீங்கிப்போய் இழை சதைக்குள் புதைந்திருந்தால் கை வைக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். கூண்டைத் தறி இருக்கும் அறையில் தொங்கவிடாதீர்கள். ஜரிகைத் துணுக்கையும் பெருக்கி எடுத்துவிடுங்கள். செம்பும் வெள்ளியும் சேர்ந்த அந்தக் கம்பியைக் கொத்தி விழுங்கினால் குடலுக்கு ஆகாது.

5. லவ் பேர்ட்ஸுக்கு நாம் வெட்டிக்கொள்ளும் சிறிய நகவெட்டியே போதும், புதிதாகவும் கூர்மையாகவும் இருந்தால் சரி. மழுங்கியது நகத்தை நசுக்கிப் பிளக்கும். சோளமாவை ஒரு மூடியில் கொட்டி முதலிலேயே பக்கத்தில் வையுங்கள், ரத்தம் வந்த பிறகு டப்பாவைத் தேடக் கூடாது. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்துங்கள். சுழலும் விசிறியில் அடிபட்டுப் போன பறவைகள் ஏராளம்.

6. பிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். மார்பைச் சுற்றிப் பிடித்தால் சத்தமே இல்லாமல் மூச்சு முட்டிச் செத்துவிடும். முதுகு உங்கள் உள்ளங்கையில் படியட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தலைக்கு இருபுறமும் இருக்கட்டும். மார்பு திறந்தே இருக்க வேண்டும். பாவில் அறுந்த இழையை எடுத்துப் பிணைக்கும்போது விரல் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான் அழுத்தம். காக்டெய்ல் என்றால் பருத்தித் துண்டால் போர்த்திப் பிடியுங்கள். டர்க்கி டவலின் கண்ணிகளில் நகம் மாட்டும், பழைய வேட்டித் துணி நல்லது. ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட வேண்டும். தனியாகச் செய்யும் துணிச்சல் தொடக்கக்காரருக்கு வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கண் சொருகினால், அந்த நொடியே விட்டுவிடுங்கள். மீதி நகம் நாளைக்கு.

7. வெளிர் நகமென்றால் பின்னாலிருந்து செல்போன் விளக்கைக் காட்டுங்கள். நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அது ரத்தக்குழாய், நரம்பும் அதோடுதான். கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். கறுத்த நகத்தில் உள்ளே ஒன்றும் தெரியாது. கொக்கி போல வளைந்த நுனியில் மட்டும் அரை மில்லிமீட்டர், பார்த்துவிட்டு இன்னும் அரை மில்லிமீட்டர், அவ்வளவே. அதிகம் வளர்ந்த நகத்தில் ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். சில வாரம் இடைவெளி விட்டு விட்டு வெட்டினால் அது மெல்ல உள்வாங்கும்.

8. ரத்தம் வந்தால் நுனியைச் சோளமாவில் அழுத்தி, சுத்தமான துணியால் ஒரு நிமிடம் பிடியுங்கள். துடைத்துத் துடைத்துப் பார்க்காதீர்கள், கட்டிய ரத்தமும் கலைந்துவிடும். லவ் பேர்ட்ஸின் மொத்த எடையே 30 முதல் 40 கிராம். உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 3 மில்லி. ஆறு சொட்டு தாங்கும், பன்னிரண்டு சொட்டுக்கு உயிர் ஊசலாடும். அதனால் ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லையென்றால் மாவை நம்பி உட்காராமல் மருத்துவரிடம் ஓடுங்கள். ரத்தம் நின்ற பிறகு அரை இருட்டில், அமைதியாக, தண்ணீரும் தினையும் எட்டும்படி விட்டுவிடுங்கள்.

9. கரடுமுரடான குச்சி கட்டியும் நகம் வேகமாக வளர்கிறதா? அலகும் சேர்ந்து நீள்கிறதா? நகத்திலோ அலகிலோ கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது ஈரல் கோளாறாக இருக்கலாம். தினை மட்டுமே தின்று கொழுத்த லவ் பேர்ட்ஸுக்கு அடிக்கடி வருகிறது. காலிலும் அலகோரத்திலும் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு படிந்தால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. இவற்றுக்கு நகவெட்டி மருந்தல்ல. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மேல் சிகிச்சை வேண்டுமென்றால் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. காற்றுத் துளை போட்ட சின்ன அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து எடுத்துப் போங்கள். என்ன தீனி, எத்தனை மாதமாக என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டின் அடியில் விரித்த தாளையும் எச்சத்தோடு மடித்துக் கொண்டு போங்கள், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.