வெளிநாட்டுக் கணனிச் சாதனங்கள்: முகவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

சாதாரண கணனி ஒன்று தேவையென்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் வாங்கி வந்துவிடலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்குகள் முழுவதையும் தாங்கும் சேர்வர், பெரிய யூ.பி.எஸ்., விசேட நெட்வேர்க் சாதனங்கள் போன்றவற்றை அனேகமாக கட்டளை கொடுத்தே தருவிக்க வேண்டும். "டுபாயில் விலை குறைவு, நாமே நேரடியாக எடுத்தால் என்ன? முகவருக்கு எதற்குக் கொமிஷன்?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இறக்குமதித் துறையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற வகையில் இக்கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். கொமிஷன் என்பது, நாளை ஏதும் நடந்தால் பொறுப்பேற்பதற்கு முகவருக்கு நாம் கொடுக்கும் கூலியாகும். அப்பொறுப்பை எழுத்தில் ஏற்க மறுப்பவருக்கு அக்கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன் பின்வரும் விடயங்களைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் எந்த நாட்டுக்கு?

எனக்குத் தெரிந்த அச்சக உரிமையாளர் ஒருவர் டுபாயிலிருந்து நேரடியாக ஒரு சேர்வரைத் தருவித்தார். எட்டு மாதத்தில் அது பழுதடைந்தது. கொழும்பிலுள்ள முகவர் சீரியல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது மத்திய கிழக்குக்கென விற்கப்பட்டது, இங்கே உத்தரவாதம் செல்லாது" என்று கையை விரித்துவிட்டார். திரும்ப அனுப்பித் திருத்தி எடுக்க நான்கு வாரங்கள் சென்றன. விலையில் மிச்சம்பிடித்தது வேலை நின்ற நாட்களிலேயே கரைந்துபோனது. ஆகவே உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, உதிரிப்பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டும் விலைமனுவிலேயே இருக்க வேண்டும்.

விலை எதுவரைக்கும்?

"சி.ஐ.எப். கொழும்பு" என்று கண்டால், பொருள் கொழும்புக்கு வந்து சேரும்வரை விற்பவரே பொறுப்பு என்று பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. கப்பல் கூலியையும் காப்புறுதியையும் அவர் செலுத்துவார். ஆனால் ஏற்றுமதித் துறைமுகத்தில் பொருள் கப்பலில் ஏறிய உடனேயே நட்ட அபாயம் உங்களுடையதாகிவிடும். அவர் எடுத்துத் தரவேண்டிய காப்புறுதியும் மிகக் குறைந்த தரமானதே. தீ, கப்பல் மூழ்குதல் போன்றவற்றுக்கு அது ஈடு தரும். களவுக்கோ பெட்டி விழுந்து உடைவதற்கோ தராது. விமானத்தில் வரும் பொருளுக்குப் பொருத்தமானது சி.ஐ.பி. முறையாகும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு விரிவான காப்புறுதி அவசியம்.

சுங்கத்தில் யார் பெயர்?

ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு உண்டு. கணனியும் சேர்வரும் 8471இலும், யூ.பி.எஸ். 8504இலும், நெட்வேர்க் சாதனங்கள் 8517இலும் அடங்கும். குறியீடு மாறினால் தீர்வையும் மாறலாம். கம்பியில்லா இணைப்புள்ள சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். இறக்குமதியாளராகப் பதியப்படுபவர் யார், அனுமதி எடுப்பவர் யார், தாமதமானால் களஞ்சியக் கூலி யாருடையது என்பவற்றைப் பொருள் புறப்படும் முன்பே தீர்மானியுங்கள். வந்திறங்கிய பின் பேசினால் ஒவ்வொரு நாளும் பணம்தான்.

அனுப்பத் தடையுள்ளவை

தனியாக அனுப்பப்படும் லிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை உள்ளது. எனவே யூ.பி.எஸ். ஒரு விமானத்திலும் அதன் பற்றரி பிறகு கப்பலிலும் வரக்கூடும். அதற்கேற்ப நாள் குறியுங்கள். அமெரிக்கத் தயாரிப்பான அதிசக்தி வாய்ந்த கணனிச் சாதனங்களை டுபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கினாலும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் அவற்றைப் பின்தொடரும். பாவிப்பவர் யார், எதற்கு என்று முகவர் கேட்டால் சந்தேகப்படாமல் உண்மையைக் கூறுங்கள். தவறான தகவல் பொருளையே முடக்கிவிடும்.

பணம் எப்படி?

எல்.சி. திறந்துவிட்டால் வங்கி பொருளைப் பார்த்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். 2007 முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 விதிகளின்படி வங்கி கையாள்வது ஆவணங்களை மட்டுமே. ஆவணங்கள் சரியாயிருந்தால், பெட்டிக்குள் வேறு மொடல் இருந்தாலும் பணம் போய்விடும். எனவே மொடல் இலக்கத்தை எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுவதுடன், ஏற்றுவதற்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டுமென்பதையும் எல்.சி.யில் சேருங்கள். நேரடிக் கொடுப்பனவாயின் முழுத்தொகையையும் முற்பணமாகக் கட்டாதீர்கள். ஒரு பகுதியை, சாதனத்தைப் பொருத்தி இயக்கிக் காட்டிய பின் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்யுங்கள்.

நல்ல முகவர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். அவற்றுக்கான பதில்கள் அவரிடம் ஏற்கனவே தயாராக இருக்கும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் மட்டும் சொல்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கட்டளையைக் கொடுக்காதீர்கள்.