கதிர்வீச்சு எந்திரமும் நோயாளியின் சொல்லும்

கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தொடங்க வருபவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்திரம் தவறுதலாக அதிகக் கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?" சிலர் நேரடியாகவே கேட்கிறார்கள். சிலர் தயங்கி, உடன் வந்த உறவினர் மூலம் கேட்கிறார்கள். "அப்படியெல்லாம் நடக்காது" என்று ஒரே வரியில் பதில் கூறிவிடலாம். ஆயினும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே பதில் வட அமெரிக்காவில் சில நோயாளிகளின் உயிரிழப்புக்குத் துணைபோனது. அந்த வரலாற்றையும், அதிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்திரம் இயங்கும் முறை

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் பயன்படும் எந்திரம் லினியர் ஆக்சிலரேட்டர், அதாவது நேரியல் முடுக்கி. இது 1953-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலும், 1956-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. எலக்ட்ரான் என்னும் நுண்துகள்களை மிகுந்த வேகத்துக்கு முடுக்குவதே இதன் அடிப்படைப் பணி.

தோலை ஒட்டிய கட்டிகளுக்கு எலக்ட்ரான்களையே பரப்பிச் செலுத்துகிறோம். உடலின் ஆழத்தில் உள்ள கட்டிகளுக்கு, எலக்ட்ரான்களை ஓர் உலோகத் தகட்டின்மீது மோதச் செய்து, அங்கு பிறக்கும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துகிறோம். இந்த இரண்டாம் முறையில் பெருமளவு ஆற்றல் வழியிலேயே இழக்கப்படுகிறது. ஆகவே பல மடங்கு வலிமையான எலக்ட்ரான் கற்றை தேவைப்படுகிறது. அந்த வலிமையான கற்றை, இடையில் தகடும் வடிப்பானும் இன்றி நேராக உடலில் பாய்ந்தால் கடும் தீங்கு நேரும். இதனைத் தடுப்பதே எந்திரப் பாதுகாப்பின் தலையாய நோக்கம்.

தெராக்-25 தந்த பாடம்

கனடா அரசுக்குச் சொந்தமான ஏ.இ.சி.எல். நிறுவனம் தெராக்-25 என்னும் முடுக்கியைத் தயாரித்தது. கனடாவிலும் அமெரிக்காவிலுமாகப் பதினொரு எந்திரங்கள் நிறுவப்பட்டன. இதற்கு முந்தைய தெராக்-20 எந்திரத்தில், கணினி தவறினாலும் கதிரை நிறுத்தக்கூடிய தனி மின் பூட்டுகள் இருந்தன. தெராக்-25 எந்திரத்தில் அப்பூட்டுகள் பல நீக்கப்பட்டு, அவற்றின் பொறுப்பு கணினி மென்பொருளிடமே விடப்பட்டது.

1985 ஜூன் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற ஒரு பெண்மணி, சிகிச்சையின்போது கடும் வெப்பத்தை உணர்ந்து, தம்மை எந்திரம் சுட்டுவிட்டதாக அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளரிடம் கூறினார். அது சாத்தியமே இல்லை என்று பதில் வந்தது. அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் நிறுவனத்தைக் கேட்டபோதும் அதே பதில்தான் கிடைத்தது. அடுத்த மாதம் கனடாவின் ஹாமில்டன் நகரில், கதிர் எதுவும் செலுத்தப்படவில்லை என்று திரையில் காட்டியவாறே, எந்திரம் நோயாளிக்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்தியது.

1986 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒருவர் தமது ஒன்பதாவது சிகிச்சைக்கு வந்திருந்தார். இயக்குநர் கணினியில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி, உடனே திருத்தினார். காந்தங்களைச் சரிசெய்ய எந்திரத்துக்கு ஏறத்தாழ எட்டு வினாடிகள் தேவைப்பட்டன. அதற்குள் செய்யப்பட்ட திருத்தத்தை மென்பொருள் முழுமையாக ஏற்கவில்லை. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்ற சொற்கள் மட்டும் தோன்றின. அத்தகைய அறிவிப்புகள் நாள்தோறும் வருவது வழக்கமாதலால், இயக்குநர் தொடரும் பொத்தானை அழுத்தினார். உள்ளே இருந்தவர் மின்னதிர்ச்சி போன்ற வலியை உணர்ந்து எழ முயன்றபோது இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. அன்று காட்சித் திரையும் பேச்சுக் கருவியும் இயங்கவில்லை. அவர் கதவைத் தட்டிய பின்னரே வெளியில் இருந்தவர்களுக்குச் செய்தி தெரிந்தது. அவருக்குச் சென்ற அளவு, பரிந்துரைத்ததைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

மறுநாள் வந்து சோதித்த பொறியாளர்களால் அத்தவற்றை மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலவில்லை. எந்திரம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரல் மாதத்தில் அதே நகரில் மற்றொருவர் பாதிக்கப்பட்டார். இருவருமே அவ்வாண்டிலேயே உயிரிழந்தனர். இரண்டாம் நிகழ்வுக்குப் பின், அம்மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், எந்திர இயக்குநருடன் அமர்ந்து மீண்டும் மீண்டும் முயன்று, விரைவான திருத்தமே காரணம் என்பதைக் கண்டறிந்தார். 1985 முதல் 1987 வரை இவ்வாறு ஆறு நிகழ்வுகள் நேர்ந்தன. 1987 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், பழுது நீங்கும் வரை இவ்வெந்திரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

மென்பொருளில் பிழை இருந்தது உண்மை. அப்பிழை பிடிபடாமல் நீடித்ததற்குக் காரணம், வலியை உணர்ந்தவர்களின் சொல்லைவிடத் திரையில் தெரிந்த எண்களை அனைவரும் அதிகம் நம்பியதே.

இன்றைய பாதுகாப்பு அடுக்குகள்

இன்றைய எந்திரங்களில் கதிரின் அளவை ஒன்றையொன்று சாராத இரண்டு கருவிகள் அளக்கின்றன. ஒன்று தவறினாலும் மற்றொன்று கதிரை நிறுத்தும். அறையின் கதவு திறந்தால் கதிர் நின்றுவிடும். எந்திரத்தின் அருகிலும் கட்டுப்பாட்டு மேசையிலும் அவசர நிறுத்தப் பொத்தான்கள் உள்ளன.

ஒவ்வொரு நாள் காலையிலும், முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்னர், எந்திரம் வெளியிடும் கதிரின் அளவு சோதிக்கப்படுகிறது. அது மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறுபட்டால் காரணம் கண்டறிந்த பின்னரே சிகிச்சை தொடங்கும். மாதச் சோதனையில் இவ்வரம்பு இரண்டு விழுக்காடு. காலையில் சில நாள்களில் உங்களைக் காத்திருக்கச் சொல்வதற்கு இச்சோதனைகளே காரணம். நம் நாட்டில் இவ்வெந்திரங்களை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், தகுதி பெற்ற கதிரியல் பாதுகாப்பு அலுவலரும் இருத்தல் கட்டாயம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நாள்தோறும் உங்கள் பெயரையும் சிகிச்சை பெறும் உடற்பகுதியையும் கேட்கும்போது சலிப்பின்றிக் கூறுங்கள். நேற்றுக் கண்ட முகமே ஆயினும் கேட்பது எங்கள் கடமை.

இரண்டாவதாக, கதிர் பாயும்போது எந்திரத்தின் ஒலி கேட்கும். வலியோ சூடோ தெரியாது. அவ்வாறு ஏதேனும் உணர்ந்தால் உடனே குரல் கொடுங்கள். முகமூடி அணிந்திருப்பின் கையை உயர்த்துங்கள். கேமரா வழியே உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கதிரை நிறுத்திவிட்டு உள்ளே வருவோம். எழ முயலாதீர்கள்.

மூன்றாவதாக, உடல் எடை குறைந்தாலோ, முகமூடி தளர்ந்தாலோ இறுகினாலோ, தோலில் இட்ட குறி அழிந்தாலோ தெரிவியுங்கள். அழிந்த குறியை வீட்டில் நீங்களே வரைந்துகொள்ள வேண்டாம்.

நான்காவதாக, இரண்டு, மூன்று வாரங்களில் தோல் சிவப்பதும் சோர்வு ஏற்படுவதும் பொதுவாக எதிர்பார்க்கக்கூடியவை. எனினும் அவற்றையும் எங்களிடம் கூறுங்கள். எது இயல்பு, எது இயல்பன்று என்று தீர்மானிக்கும் சுமை உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

மற்றொரு அச்சத்தையும் இங்கே நீக்க விரும்புகிறோம். முடுக்கியின் கதிர் எந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது; உங்கள் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் பேரக்குழந்தையைத் தயக்கமின்றி மடியில் வைத்துக்கொள்ளலாம்.

"டாக்டருக்கு வேலை அதிகம், இதற்காகத் தொந்தரவு செய்வானேன்" என்று எண்ணிப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். நோயாளியின் சொல்லைக் கேளாததால் நேர்ந்த இழப்பை மேலே கண்டோம். ஆகவே சிகிச்சையின்போது ஏதேனும் மாறாகத் தோன்றினால் தயங்காமல் கூறுங்கள். நீங்கள் கூறியதைச் சோதித்துப் பார்த்த பின்னரே அடுத்த சிகிச்சையைத் தொடர்வோம்.