கையில் சேமிப்பு, தலையில் கடன்: எதை முதலில் பார்ப்பது?

நண்பர்களே, இந்த மாதப் பாடத்தை என் வீட்டுக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கு. ஆனாலும் இதே நிலைமையில் நம்மில் பல பேர் இருப்பாங்க.

தேசிய சேவையிலும் இன்டர்ன்ஷிப்பிலும் மிச்சம் பிடித்து வங்கியில் 3,600 வெள்ளி வைத்திருந்தேன். அதே நேரத்தில் எனக்கு மூன்று கடன்கள்.

ஒன்று, மாணவர் கடன்பற்று அட்டையில் 480 வெள்ளி. லேப்டாப் பழுதானபோது தேய்த்தது. வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காடு.

இரண்டு, விடுதிக் கட்டணத்துக்காக அம்மா தேக்கா பக்கம் ஒரு அடகுக்கடையில் வைத்த வளையல்கள். கடன் 2,000 வெள்ளி, வட்டி மாதம் 1.5 விழுக்காடு. சிங்கப்பூரில் அடகுக்கடை வாங்கக்கூடிய உச்ச வட்டியே அதுதான்.

மூன்று, கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன், சுமார் 22,000 வெள்ளி. படித்து முடிக்கும் வரை இதற்கு வட்டி இல்லை.

"சேமிப்பை எடுத்து வளையலை மீட்டுடலாம்மா"ன்னு சொன்னேன். "வேண்டாம்யா, கையில நாலு காசு இருக்கணும். வளையல் எங்க போயிடப் போகுது?"ன்னு அம்மா மறுத்துட்டாங்க. அம்மா பயந்ததிலும் நியாயம் இருக்கு. அதனால் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதல் படி: வட்டியை வட்டியோடு ஒப்பிடுங்க

என் சேமிப்புக் கணக்கு தரும் அடிப்படை வட்டி ஆண்டுக்கு 0.05 விழுக்காடு. 3,600 வெள்ளி ஒரு வருஷம் தூங்கினால் கிடைப்பது 1 வெள்ளி 80 காசு. அட்டைக் கடனுக்கு வருஷ வட்டி ஏறக்குறைய 130 வெள்ளி. வளையலுக்கு மாதம் 30, வருஷத்துக்கு 360. ஆக, 2 வெள்ளிகூட வராத பணத்தைப் பாதுகாக்க 490 வெள்ளி கொடுத்துக்கிட்டு இருக்கோம். இதைத் தாளில் எழுதிக் காட்டினதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து கணக்கு எழுதிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை நினைத்துப் பாருங்க. 1859-ல் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்கள் அவர்கள். கடன் கொடுப்பவர் வட்டியைக் கணக்கு வைக்கிறார் என்றால், வாங்கியவரும் வைக்கணும்.

இரண்டாம் படி: திரும்ப எடுக்க முடியுமா?

அவசரம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அம்மாவின் கேள்வி. இதற்குப் பதில் கடனுக்குக் கடன் மாறும். வளையலை மீட்டால் அந்தத் தங்கம் வீட்டில் இருக்கும். நிஜமான அவசரம் வந்தால் மறுபடி வைக்கலாம். அதுவரைக்கும் மாதம் 30 வெள்ளி மிச்சம். மீட்காமல் விட்டால்தான் ஆபத்து: ஆறு மாதத் தவணைக்குள் மீட்கணும், அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்கணும். இரண்டும் இல்லையென்றால் நகை கைவிட்டுப் போயிடும்.

கல்விக் கட்டணக் கடன் இதற்கு நேர் எதிர். அதில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. இப்போது வட்டியும் இல்லை. அதனால் அது காத்திருக்கட்டும். பட்டம் வாங்கிய பிறகு வட்டி தொடங்கும். அன்றைக்கு மறுபடி கணக்குப் போடணும்.

உங்களில் சிலர் பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துப் படிக்கிறீங்க. கவனம்: அதற்குப் பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும். அது அவர்களின் முதுமைக்கான காசு என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: துடைத்து எடுக்காதீங்க

480 கட்டி அட்டையை முடித்தேன். ஐந்து மாத வட்டியோடு 2,150 கட்டி வளையலை மீட்டோம். மிச்சம் 970 வெள்ளி. அதைத் தொடுவதில்லை என்று முடிவு. வட்டி மிச்சமாகும் காசையும், டியூஷன் சொல்லிக் கொடுத்து வரும் காசில் ஒரு பங்கையும் அதில் சேர்க்கிறேன். அட்டையை மறுபடி தேய்த்தால் செய்த வேலை எல்லாம் வீண். அதனால் அட்டை இப்போ அம்மாவின் பீரோவில்.

இன்னொரு எச்சரிக்கை. "உடனடிக் கடன்" என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் பதில் போடாதீங்க. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் அப்படி விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. சட்டப்படியான கடனிலேயே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். கடன் கைமீறிப் போயிருந்தால் வீட்டில் சொல்லுங்க. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் போன்ற அமைப்பிடம் போகலாம். மறைக்க மறைக்க வட்டிதான் வளரும்.

நம் மரபு சொல்வது

தைத்திரிய சம்ஹிதை பிறப்போடு வரும் மூன்று கடன்களைப் பேசுகிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, பித்ருக்களுக்கு. கற்பதால் ஒன்று, வேள்வியால் ஒன்று, மக்கட்பேற்றால் ஒன்று தீர்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வழி இல்லை, ஒரே நேரமும் இல்லை. காசுக் கடனும் அப்படித்தான் என்று எனக்குத் தோணுது. எது இன்றே தீர வேண்டியது, எது காத்திருக்கலாம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பொறுப்பு.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா வளையல் போட்டுக்கிட்டாங்க. ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

குழுவில் பேச:

1. உங்கள் கடன்களை வட்டி விகித வரிசையில் எழுதுங்க. எது மேலே இருக்கு?
2. எந்தக் கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்ப உதவும், எதில் உதவாது?
3. உங்கள் வீட்டுக்கு எவ்வளவு இருந்தால் ஒரு மாதம் கடனில்லாமல் ஓட்ட முடியும்? பெற்றோரிடம் கேட்டுவிட்டு வாங்க.