தை, மாசியில் அந்தமான்: இந்த மாதமே செய்ய வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. பொங்கலுக்குப் பிறகு அந்தமான் போக நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். இந்த வாரமே கிளம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிக்கொண்டே இருக்கும். 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்க வேண்டியதாயிற்று. ஜனவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

முதலில் விமானம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷாகித் தீவு. முன்பதிவில் எந்தப் பெயர் வந்தாலும் குழம்ப வேண்டாம்.

அடுத்தது ஹோட்டல் அல்ல, படகு. பலரும் தவறுவது இங்கேதான். தீவுக்குத் தீவு போகும் படகில் இடம் உறுதியான பிறகே அறைக்குப் பணம் கட்டுங்கள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை. அங்கிருந்து நீலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகவே போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று வட்டமாகப் போடுங்கள். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். காலைப் படகில் வந்து மதியம் விமானம் ஏறிவிடலாம் என்று நானும் ஒருமுறை கணக்குப் போட்டேன். காற்று வலுத்துப் படகை ரத்து செய்துவிட்டார்கள். குழந்தைகளோடு ஜெட்டியில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை.

ஸ்கூபா ஆசை இருந்தால் அதை ஹேவ்லாக்கில் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள். ஆழத்துக்குப் போய் வந்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் உடலில் கரைந்த நைட்ரஜன் மேலே போனதும் குமிழாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீல் தீவுக்கு எந்த நாளில் போவது என்பதைக் காலண்டரில் பௌர்ணமி, அமாவாசை பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் நன்றாக உள்வாங்கும். அங்கே பாறையில் கடல் குடைந்த இயற்கைப் பாலம் ஒன்று உண்டு. தீவில் குடியேறிய வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். நீர் வற்றும்போது மட்டுமே அதன் அடிவரை நடந்து போக முடியும். வழியெல்லாம் செத்த பவளப்பாறை. அதன் குழிகளில் தேங்கிய முழங்கால் அளவு நீரில் விரல் நீள மீன்களும் கரிய கடல் அட்டைகளும் கிடக்கும். குனிந்து பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும். வற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், முதல் நாள் இரவே ஹோட்டலில் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத ரப்பர் செருப்பு அவசியம். பவளம் கீறிய காயம் லேசில் ஆறாது.

இன்னும் சில. குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க வேண்டுமானால் நாலு மணிக்கே போய்விடுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். வாந்தி மாத்திரையைப் படகேறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கக் கூடாது. பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அவர்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். வண்டி ஏறும்போதே செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். உங்களைப் பார்த்துப் பிள்ளைகளும் வைப்பார்கள். பவளத் துண்டு எதையும் பையில் போட வேண்டாம் என்பதையும் இங்கிருந்து கிளம்பும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், பிள்ளை அழுதுகொண்டே வரும்.