யார், யாரிடம், எந்த ஊரில்?

ஆங்கில நாவலில் ஒருத்தி 'ஐ லவ் யூ' என்கிறாள். அதை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோகிறவர் அந்த இடத்தில் நின்று, முந்தைய பக்கங்களைப் புரட்டியாக வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பது அம்மாவா, தோழியா, காதலனா? புத்தகம் மாட்ரித் வாசகருக்கா, மெக்சிக்கோ வாசகருக்கா? இதெல்லாம் தெரியாமல் அந்தச் சின்ன வாக்கியத்தைத் தொட முடியாது.

காரணம், ஸ்பானியத்தில் அதற்கு 'தே கியேரோ', 'தே ஆமோ' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்பெயினில் தாய் பிள்ளையிடமும், மனைவி கணவனிடமும், தோழி தோழியிடமும் சொல்வது பெரும்பாலும் 'தே கியேரோ'தான். 'தே ஆமோ' அங்கே கனமான சொல். அன்றாடப் பேச்சில் வந்தால் சினிமா வசனம்போல ஒலிக்கக்கூடும். மெக்சிக்கோவில் நிலைமை வேறு. நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் 'தே கியேரோ' போதும். காதலர்கள் அதிலிருந்து 'தே ஆமோ'வுக்கு வருவது உறவில் ஒரு படி ஏறுவது. மெக்சிக்கோ பாடகர் ஹோசே ஹோசே 1977-இல் பாடிய 'அமார் இ கெரேர்' என்ற புகழ்பெற்ற பாட்டு, இந்த இரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தையே பொருளாகக் கொண்டது. தலைப்பே அந்த இரண்டு வினைகள்தாம். அமெரிக்கக் கதையொன்றில் காதலைச் சொல்லும் காட்சி மெக்சிக்கோ பதிப்பில் 'தே கியேரோ' என்று வந்தால், காதலன் தயங்குகிறான் என்று வாசகர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

'ஐ லைக்' என்பதில் தமிழருக்கு ஓர் அனுகூலம். 'மே குஸ்தா எல் கஃபே' என்கிற ஸ்பானிய வாக்கியம், 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதைப் போலவே 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தின் 'நான்' அங்கே எழுவாயாக நிற்காது. ஆனால் காபியிலிருந்து மனிதருக்கு மாறும்போது கவனம் தேவை. ஒருவரைப் பார்த்து 'மே குஸ்தாஸ்' என்றால் அது ஈர்ப்பு, காதலின் வாசல். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவரை நல்ல மனிதர் என்ற அளவில் பிடித்திருந்தால் 'மே காயெஸ் பியென்' என்பதே சரி. இந்த வேறுபாட்டைத் தவறவிட்ட ஒரே வரி, இரண்டு நண்பர்களைக் காதலர்களாக்கிவிடும்.

கொஞ்சும் சொற்களில் அகராதி இன்னும் குறைவாகவே உதவும். அமெரிக்கப் பெற்றோர் குழந்தையைப் 'பம்ப்கின்' என்று அழைப்பார்கள். பூசணிக்கு ஸ்பானியத்தில் 'கலபாசா'. ஆனால் 'கலபாசாஸ் கொடுப்பது' என்றால் காதல் சொல்லி வந்தவரை வேண்டாமென்று அனுப்புவது; தேர்வில் தோல்வி கொடுப்பதற்கும் அதே வழக்கு. 'ஹனி' என்பதைத் தேன் என்று எழுதுவதைவிட 'கரீன்யோ', 'மி சியேலோ', 'மி விதா' என்று எழுதுவது இயல்பு: அன்பே, என் வானமே, என் உயிரே. அர்ஜென்டினாவுக்குப் போனால் கணவன் மனைவியை 'கோர்தா' என்பான், அவள் அவனை 'ஃப்ளாகோ' என்பாள். குண்டு, ஒல்லி என்பது நேர்ப்பொருள், ஆனால் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பி என்று பொருள்படும் 'நெக்ரா'வும் அங்கே செல்லச் சொல். பாடகி மெர்செதெஸ் சோசாவை நாடே 'லா நெக்ரா' என்று பாசத்தோடு அழைத்தது. இருந்தாலும் நிறவெறி பற்றிய ஓர் அமெரிக்கக் கதைக்குள் இந்தச் சொல்லைச் செல்லமாக நுழைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே அது கதையின் காயத்தைத் தொடும்.

ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகவோ குரலாகவோ வரும் கனிவு, ஸ்பானியத்தில் பல நேரம் விகுதியில் ஏறிவிடுகிறது. 'அபுவெலா' பாட்டி, 'அபுவெலிதா' என்றால் பேரன் மடியில் ஏறிவிட்டான். இந்த விகுதியும் ஊருக்கு ஊர் மாறும்: கலீசியாவில் '-இன்யோ', அஸ்தூரியாஸில் '-ஈன்', அரகோனில் '-இகோ'. கோஸ்டா ரிக்கா மக்களுக்குத் 'தீகோஸ்' என்ற பெயர் வந்ததே அவர்கள் பேச்சில் '-தீகோ' விகுதி நிறைய புழங்குவதால்தான். எல்லாப் பாத்திரங்களுக்கும் இதைத் தூவினால் திகட்டும். கதையில் யார் கொஞ்சுகிறவரோ அவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் குரல் தனியே கேட்கும்.

'ஃபாண்ட் ஆஃப்' என்கிற ஆங்கிலத் தொடர் இன்னொரு சிக்கல். இனிப்பின்மேல் ஆசை, மாமாவின்மேல் பாசம், மீன்பிடிப்பதில் ஈடுபாடு மூன்றுக்கும் அது ஒன்றே. ஸ்பானியத்தில் இனிப்புப் பிரியர் 'கோலோசோ', பொழுதுபோக்கில் ஈடுபாடுள்ளவர் 'அஃபிசியோனாதோ', மாமாவிடம் இருப்பது 'கரீன்யோ'. கரீன்யோ உண்டாவதைச் சொல்ல ஸ்பெயினில் 'கோஹெர்' என்ற வினை வெகு சாதாரணம். மெக்சிக்கோவிலும் அர்ஜென்டினாவிலும் அதே வினை உடலுறவைக் குறிக்கும் கொச்சை. அந்த நாடுகளுக்கு 'தோமார் கரீன்யோ' அல்லது 'என்கரின்யார்ஸே' என்று எழுதினால் பிரச்சினையில்லை. இனிய நினைவுகளுக்கு 'என்ட்ரன்யாப்ளே' என்ற அழகான சொல் இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது.

கடிதமென்றால் 'டியர்' இரண்டாகப் பிரியும். வங்கிக்கு 'எஸ்திமாதோ', அத்தைக்கு 'கெரீதா'. விளிக்குப் பின் காற்புள்ளி போடுவது ஆங்கிலப் பழக்கம். ஸ்பானிய மரபு முக்காற்புள்ளி.

மரியாதைச் சொல்லும் அன்பைச் சுமக்கலாம். கொலம்பியாவின் பல பகுதிகளில் கணவன் மனைவியும் பெற்றோர் பிள்ளைகளும் 'உஸ்தெத்' (நீங்கள்) என்றே பேசிக்கொள்கிறார்கள். அதை விலகலென்று எண்ணி 'தூ' (நீ) ஆக்கினால் அந்த வீட்டின் நெருக்கம் போய்விடும். இத்தகைய வட்டார வழக்குகளுக்கு 2010-இல் வெளிவந்த 'திக்சியோனாரியோ தே அமெரிகனிஸ்மோஸ்' நல்ல துணை. எந்தச் சொல் எந்த நாட்டில் எப்படிப் புழங்குகிறது என்று அது காட்டுகிறது. நூலைத் தொடங்குமுன் பாத்திரங்களை இரண்டிரண்டாக எழுதி, ஒவ்வொரு இணையும் ஒருவரையொருவர் எப்படி விளிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் அந்த விளி மாறுகிறது என்று குறித்துக்கொண்டால், முந்நூறாவது பக்கத்தில் 'தே கியேரோ'வா 'தே ஆமோ'வா என்று முடிவு செய்யும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.