மலை நம்பரைக் கூட்டினால் என்ன வரும்?

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கொழுந்துக் கணக்கை எக்செலில் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம், டிவிசன், மலை நம்பர் (ஒவ்வொரு தேயிலை மலைக்கும் இட்ட இலக்கம்), ஆட்கள், கிலோ என்று ஐந்து நிரல்கள். பிவட் டேபிளைத் திறந்தால் நான்கு பெட்டிகள்: நிரை, நிரல், பெறுமதி, வடிகட்டி. டிவிசனை நிரையிலும் மாதத்தை நிரலிலும் கிலோவைப் பெறுமதியிலும் இழுத்துப் போட்டால், செக்ரோல் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் போட்ட கூட்டல் நொடியில் முடிந்துவிடும்.

கூடவே சில தப்பெண்ணங்களும் ஒட்டிக்கொள்கின்றன.

பெட்டி மாற்றிப் போட்டால் மூலக் கணக்கு கலைந்துவிடும் என்பது ஒன்று. கலையாது. ஒவ்வோர் இழுப்பும் தரவிடம் கேட்கும் கேள்வி மட்டுமே. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டோல்ட், டாங், ஹன்ராஹன் ஆகியோர் உருவாக்கிய போலாரிஸ் மென்பொருள் இந்த அடிப்படையில்தான் இயங்கியது. 2003இல் தொடங்கிய டேப்ளோ நிறுவனம் அதன் வாரிசு.

டேப்ளோ மென்பொருள் புலங்களுக்குக் காட்டும் நிறங்களில் நீலம் என்றால் பெயர், பச்சை என்றால் எண் என்பது இன்னொன்று. அதுவும் பிழை. நீலம் தனித்தனித் தலைப்புகளாக நிற்கும். பச்சை தொடர் அச்சாக நீளும். ஒரே திகதியை இரண்டு நிறத்திலும் வைக்கலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மென்பொருள் போட்ட கணக்கு பிழைக்காது என்ற நம்பிக்கை. மலை நம்பரைப் பெறுமதிப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். எண்ணைக் கண்டதும் எக்செல் கூட்டிவிடும்: 4, 7, 9 சேர்ந்து 20. தோட்டத்தில் 20ஆம் நம்பர் மலையும் இருந்துவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது! கிலோ நிரலில் ஒரே ஒரு கட்டத்தில் யாரோ ‘மழை’ என்று எழுதியிருந்தாலும் போதும். கூட்டலை விட்டுவிட்டு, எத்தனை பதிவுகள் என்று எண்ணத் தொடங்கிவிடும்.

சராசரியில் பொறி இன்னும் ஆழம். ஒரு மலையில் 10 பேர் ஆளுக்கு 20 கிலோ, அடுத்ததில் 40 பேர் ஆளுக்கு 15 கிலோ எடுக்கிறார்கள். இந்த 20, 15 இரண்டையும் தனி நிரலாக எழுதி, பெறுமதியில் சராசரி கேட்டால் 17.5 வரும். உண்மையில் 50 பேர் எடுத்தது 800 கிலோ, ஆளுக்கு 16தான். ஆளுக்கு ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும் அறிக்கை, கொழுந்து எடுப்பவர்களிடம் எங்கே போய் முடியும் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்க, கணக்கிடும் புலம் ஒன்றை உருவாக்கி, கிலோவை ஆட்களால் வகுக்கச் சொன்னால், எக்செல் முதலில் இரண்டையும் தனித்தனியே கூட்டி, பிறகே வகுக்கும். அறிக்கையை அனுப்புமுன் பெறுமதிப் பெட்டியில் இருப்பது கூட்டலா, எண்ணிக்கையா, சராசரியா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.