புதிய பேட்டரி, பழைய தொல்லை

மின்சாரம் தடைப்பட்டாலும் கணினி அணைந்துவிடாமல் காக்கும் கருவியே யு.பி.எஸ். ஆகும். தமிழில் இதனைத் 'தடையில்லா மின்வழங்கி' என்பர். வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எனப் பல இடங்களில் இன்று இதனைக் காணலாம். இதன் உயிர்நாடி உள்ளே இருக்கும் பேட்டரியே. சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். உடனே புதிய பேட்டரி வாங்கிப் பொருத்துகிறோம். ஆனால் பொருத்திய பின்னும் சில வேளைகளில் கருவி விடாமல் ஒலி எழுப்புகிறது. மின்சாரம் நின்றதும் கணினியும் நின்றுவிடுகிறது. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்!" என்று முடிவு கட்டுகிறோம். இம்முடிவு சரிதானா? ஆராய்வோம், வாருங்கள்!

முதலில் பேட்டரியைப் பற்றிச் சிறிது அறிவோம். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட, மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலார் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். சிறிய யு.பி.எஸ். கருவிகள் பலவற்றில் இன்றும் இருப்பது அதே இனத்தைச் சேர்ந்ததே. ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வீதம், 6 அறைகள் சேர்ந்து 12 வோல்ட் தருகின்றன. சற்றுப் பெரிய கருவிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடரிணைப்பில் இணைத்து 24 வோல்ட் பெறுவர்.

சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. சுவரிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டாலும் யு.பி.எஸ். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கக்கூடும். ஆகவே மூடியைத் திறப்பது பயிற்சி பெற்ற மின்பணியாளரின் வேலை. அருகில் நின்று கற்றுக்கொள்வது நம் வேலை. வளையல், மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் உலோக வளையல் பட்டால், நொடியில் அது பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

இனி, சோதனைகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, இணைப்பு. சிவப்புக் கம்பி நேர்முனையிலும் கறுப்புக் கம்பி எதிர்முனையிலும் இருக்கின்றனவா? மாற்றிப் பொருத்தியிருந்தால் உள்ளே பியூஸ் எரிந்திருக்கலாம். கிளிப்புகள் இறுக்கமாக உள்ளனவா?

இரண்டாவது, மின்னேற்றம். புதியது என்றாலே நிறைந்தது என்று பொருளாகாது. கடையில் பல மாதம் கிடந்த பேட்டரி தானாகவே வலுவிழக்கும். எனவே வாங்கும்போது உற்பத்தித் தேதியைப் பார்க்க வேண்டும். பொருத்திய பின் ஓர் இரவு முழுதும் மின்னேற்ற வேண்டும்.

மூன்றாவது, மின்னழுத்தம். மின்னேற்றம் முடிந்து ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.8 வோல்ட் காட்டும். ஆனால் இது மட்டும் போதாது! பளு கொடுத்த நிலையிலும் அளக்க வேண்டும். ஓய்வில் நன்றாக இருந்து, பளு ஏறியதும் விரைந்து 10 வோல்ட்டுக்குச் சரிந்தால் அந்தப் பேட்டரியே பழுது. பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் சேர்த்து இணைப்பதும் தவறு. பழையது முதலில் சோர்ந்து, புதியதையும் கெடுத்துவிடும்.

நான்காவது, மின்னேற்றும் பகுதி. நெடுநேரம் மின்னேற்றிய பின் ஒவ்வொரு பேட்டரியிலும் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 15 வோல்ட் வரை உயர்ந்தால் பேட்டரி உப்பிக் கெடும். பழைய பேட்டரி இறந்ததற்கே இது காரணமாயிருக்கலாம். நோயின் காரணத்தை நீக்காமல் மருந்தை மட்டும் மாற்றினால் பயன் என்ன?

ஐந்தாவது, நம் எதிர்பார்ப்பு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. 200 வாட் பளுவுக்கு 25 நிமிடம் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அந்த 7 என்னும் எண், 20 மணி நேரம் மெதுவாகச் செலவிட்டு அளந்தது. ஒரேயடியாக எடுத்தால் ஏறத்தாழ 10 நிமிடமே கிடைக்கும். அது பேட்டரியின் குற்றமன்று.

இறுதியாக, சில கருவிகள் பழைய பேட்டரியின் நிலையையே நினைவில் வைத்திருக்கும். கையேட்டில் கூறியபடி சுயசோதனை செய்தால்தான் எச்சரிக்கை விளக்கு அணையும்.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் நடந்ததைக் கூறுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்களின் செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரமே இருந்தது. இரண்டு புதிய பேட்டரிகள் பொருத்தியிருந்தும், மின்சாரம் நின்ற சில நொடிகளில் எல்லாக் கணினிகளும் இருண்டன. பேட்டரிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றனர் பலர். மின்பணியாளரோ பளுவுடன் அளந்தார். இரண்டும் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை. ஆனால் கருவிக்குச் சென்றதோ 20 வோல்ட்தான்! இரண்டும் நல்லவை என்றால் மிச்சம் எங்கே போயிற்று? இரண்டையும் இணைக்கும் சிறு கம்பியின் கிளிப் தளர்ந்து கறுத்திருந்தது. அதை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. அளந்து பாராமல் பழி சுமத்தியிருந்தால் பேட்டரிகள் கடைக்குத் திரும்பியிருக்கும்; பழுதான கம்பி தேர்வு நாள் வரை அங்கேயே இருந்திருக்கும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் எறியலாகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதனை விற்பனையாளரிடமோ உரிய சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது; ஐவரிடம் மட்டுமே போதிய எண்ணெய் இருந்தது. வெளியே பார்த்தால் எல்லா விளக்கும் ஒன்றே. யு.பி.எஸ். கருவியும் அப்படியே. ஆகவே தேவை வரும் நாள்வரை காத்திராமல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு 100 வாட் குண்டு பல்பைப் பளுவாக இணைத்து, சுவர் சுவிட்சை அணைத்து, எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்து வைப்போம். அளந்து அறிவோம், பின்னரே நம்புவோம்!